கண்ணு கலங்காம வடிச்ச சோறு

சத்தியமா சொல்றேன். குலசாமி மேல சத்தியம், இந்தப் போர்வை மேல சத்தியம், உன் தலையில ஓடுற அந்த ஒத்தைப் பேன் மேல சத்தியம். இந்தக் கதையில ஒரு எழுத்து கூடப் பொய் கிடையாது. இருந்துச்சுன்னா என் மிச்சப் பல்லும் இப்பவே கொட்டிப் போகட்டும். என்ன சிரிப்பு? மிச்சம் எத்தனைன்னு எண்ணாத. "ம்" கொட்டு. ம் நின்னா கதையும் நின்னுடும்.

ஒரு ஊர்ல ஒரு மீசை இருந்துச்சு. அந்த மீசைக்குப் பின்னாடி சடையாண்டின்னு ஒரு ஆளு இருந்தான். ஊரு கோம்பைக்காடு. அவன் பொண்டாட்டி பேரு பேச்சி.

சடையாண்டிக்கு ஒரு கிறுக்கு. ஒரு வீட்டுல எவ்வளவு சமைக்கிறாங்கன்னு ஊரு அந்த வீட்டுப் புகையைப் பாத்துதான் மதிப்புப் போடும்னு நினைச்சான். புகை பெருசா போனா பெரிய வீடு, சின்னதா போனா சின்ன வீடு. அதனால என்ன பண்ணுவான்? பச்சை மரமா பாத்து வெட்டிட்டு வருவான். போதாததுக்கு அது மேல ஒரு சொம்பு தண்ணியைத் தெளிச்சுதான் பேச்சிகிட்ட குடுப்பான். அப்புறம் தெருவுல போய் நின்னு அண்ணாந்து பாப்பான்.

"ஏ மாயழகு! பாத்தியா எங்க வீட்டுப் புகையை? கோபுரத்தைத் தாண்டிருச்சு! உங்க வீட்டுல என்னடா, பீடி பத்த வச்ச மாதிரி வருது?"

மாயழகு எதிர் வீட்டுக்காரன். பல்லை நறநறன்னு கடிச்சுக்கிட்டு உள்ள போயிடுவான்.

புகைன்னா லேசுப்பட்ட புகை இல்ல. அந்த ஊர்ல முதல்ல காக்காவே கிடையாது தெரியுமா? எல்லாம் கொக்குதான். அந்த வீட்டுக் கூரையைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்போது காக்கா. சத்தியமா! சுவத்துல இருந்த பல்லி அப்படியே கருவாடாப் போச்சு. பக்கத்து வீட்டுக் கிழவி கொடி கட்டுறதையே விட்டுட்டா, ஈரச் சேலையைப் புகை மேலயே காயப்போட்டுக்கிட்டா.

ம். நல்லா சத்தமா சொல்லு.

உள்ள பேச்சிதான் பாவம். லொக்கு லொக்குன்னு இருமல். கண்ணு ரெண்டும் மிளகாப்பழம். ஒரு நாள் வெளிய வந்தா.

"ஏய்யா, சோத்தைப் பானையில அளப்பாங்களா, புகையில அளப்பாங்களா? காஞ்ச விறகு கொண்டான்னு எத்தனை தடவை சொல்றது? சன்னமா பிளந்து குடுன்னேன், கேக்கல. புகை போகக் கூரை ஓடு ஒண்ணை நகத்தி வைன்னேன், கேக்கல. என் கண்ணே அவிஞ்சு போயிரும் போல இருக்குய்யா."

"அடப் போடி! புகைக்குப் போய் யாராச்சும் அழுவாங்களா? நானா இருந்தா மீசை கூட அசையாது."

அவ்வளவுதான். பேச்சி கையில இருந்த கரண்டியைக் கீழ போட்டா. டங்!

"அப்படியா சங்கதி? அப்ப நீயே வடி. நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போறேன். மூணு வெள்ளிக்கிழமை வருவேன், வாசல்ல நின்னு பாப்பேன். கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வராம ஒரு பானை சோறு வடிச்சுக் காட்டு. காட்டினா உள்ள வாரேன். மூணு வெள்ளியும் நீ அழுதேன்னா, இந்த அடுப்பையும் பேத்துத் தூக்கிட்டுப் போயிருவேன். எங்க ஆத்தா செஞ்சு குடுத்த அடுப்பு இது."

போயிட்டா.

அந்த அடுப்பைப் பத்தி ஒண்ணு சொல்லணும். பேச்சியோட ஆத்தா அங்கம்மா இருக்காளே, அவ கரையான் புத்து மண்ணை எடுத்து, உமி போட்டு, மிதி மிதின்னு மிதிச்சு அந்த அடுப்பைப் போட்டா. மிதிக்கிறப்ப எல்லாம் மருமகனைத் திட்டி வஞ்சுக்கிட்டேதான் மிதிச்சா. அதனால மண்ணோட மாமியாரும் கொஞ்சம் கலந்துபோயிட்டா. அது யாருக்கும் தெரியாது. சடையாண்டிக்கும் தெரியாது, அன்னிக்கு வரைக்கும்.

பேச்சி போனதும் வீடு வெறிச்சுன்னு கிடந்துச்சு. இருமல் சத்தம் கூட இல்ல. சடையாண்டிக்கு வயித்துக்குள்ள என்னமோ பண்ணுச்சு. பசிபோலன்னு நினைச்சு நாலு வாழப்பழம் தின்னான். பசி போச்சு, அந்த என்னமோ மட்டும் போகல.

அப்புறம் முதல் வெள்ளிக்கிழமை வந்துச்சு. வாசல்ல பேச்சி, பக்கத்துல இடுப்புல கை வச்சுக்கிட்டு அங்கம்மா. சடையாண்டி மீசையை முறுக்கிட்டு அடுப்படிக்குப் போனான். பச்சை வேலிக்கருவைக் கட்டையை வச்சான், தீக்குச்சியைக் கிழிச்சான். சர்ர்... புஸ். திரும்பக் கிழிச்சான். சர்ர்... புஸ். ஊதாங்குழலை எடுத்து பூ... பூ...ன்னு ஊதினான். ஊதிட்டு மூச்சை வெளிய வந்து இழுக்கணும்ல? இவன் குழல் வாய்க்குள்ளயே இழுத்துட்டான்! சளக்குனு புகை மொத்தமும் உள்ள போயி, ரெண்டு காது வழியாவும் குபுகுபுன்னு வெளிய வருது.

அப்போ ஒரு சத்தம். "தூ! தூ!"

சடையாண்டி திரும்பிப் பாத்தான். ஆளில்லை.

"இங்க, கீழ பாருங்க மாப்ளே. நான்தான், அடுப்பு. என்னத்தை வாயில திணிச்சீங்க? பச்சைக் கட்டை! நான் என்ன ஆடா, பச்சையா மேய?"

சடையாண்டி ஊதாங்குழலைக் கீழ போட்டான். எந்திரிச்சு வெளிய ஓடினான். கண்ணுல இருந்து தாரை தாரையா ஊத்துது. தெருவே கூடி நின்னு பாக்குது.

"அய்யோ பாவம்! பொண்டாட்டி போன துக்கம் பாருங்க. மீசை வச்ச ஆம்பளை இப்படிக் கதறுறானே!"

"நான் அழல! புகை! புகை!"

"நெஞ்சு புகையுதுன்னு சொல்றான்டி!" அப்படின்னுட்டு ஒரு கிழவி மூக்கைச் சிந்தினா. அதைப் பாத்து இன்னொருத்தி சிந்தினா. தெரு முழுக்க ஒப்பாரி. மாயழகு கூட துண்டை வாயில வச்சுக்கிட்டு விம்மினான்.

பேச்சி பாத்தா. "ஒண்ணு"ன்னா. போயிட்டா.

ம்... தூங்கிட்டியா? இல்லையா? சரி சரி.

அப்போ சடையாண்டி ரோஷத்தோட, அந்த வாரம் பூரா விறகைக் கூரை மேல போட்டுப் போட்டு, அப்பளம் மாதிரி புரட்டிப் புரட்டிக் காய வச்சான். தட்டினா டண் டண்ணுன்னு மணி அடிக்குது. அவ்வளவு காய்ச்சல். ஆனா கிறுக்கு போகல பாரு. காஞ்சது காஞ்சிருச்சு, நிறைய வச்சாதானே நிறைய எரியும்னு, தொடை தண்டி கட்டையா எடுத்து அடுப்பு வாயில அடைச்சான். ஒண்ணு, அது மேல ஒண்ணு, இண்டு இடுக்குல இன்னொண்ணு. காலால மிதிச்சு உள்ள தள்ளினான். அடியில பழைய சாம்பல் குன்று மாதிரி குமிஞ்சு கிடக்கு. அதை யாரு பாத்தா?

ரெண்டாம் வெள்ளி. பத்த வச்சான். அடுப்பு என்னமோ சொல்லப் பாக்குது.

"ம்ம்... ம்ம்ம்... ம்ம்!"

"என்ன ஆத்தா சொல்ற? இன்னும் ஒண்ணு வைக்கணுமா?"

"ம்ம்ம்ம்ம்!"

"சரி சரி, வைக்கிறேன்."

இன்னும் ஒண்ணைச் சொருகினான். அடுப்புக்கு முழி பிதுங்கிருச்சு. உள்ள புகையுது, புகையுது, எரிய மட்டும் மாட்டேங்குது. அப்புறம், அ... அ... அச்ச்சூ! தும்மிச்சு பாரு ஒரு தும்மல்! கட்டை ஒரு பக்கம், சாம்பல் ஒரு பக்கம், பானை உருண்டு கொல்லைப்பக்கம். தீ வெளிய எட்டிப் பாத்து, ஆசையா அவன் மீசையைத் தடவிட்டுப் போச்சு. சுருசுருசுரு. இடது பக்க மீசை காணோம்!

அந்தக் கோலத்துல வெளிய வந்து நிக்கிறான். உடம்பெல்லாம் சாம்பல், ஒரு பக்கம் மீசை, ரெண்டு பக்கமும் கண்ணீர். அங்கம்மா ஏற இறங்கப் பாத்தா.

"மாப்ளே, மிச்சத்தை எப்ப அறுவடை பண்றீங்க?"

பேச்சிக்குச் சிரிப்பை அடக்க முடியல. முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டா. ஆனாலும் ரெண்டு விரலைக் காட்டிட்டுத் திரும்பிட்டா. போற வழியில ஒரு தடவை திரும்பிப் பாத்தா. அதை சடையாண்டியும் பாத்தான்.

இன்னும் ஒரு வெள்ளிதான் பாக்கி. அதுவும் போச்சுன்னா பேச்சி இல்ல, அடுப்பு இல்ல, வீடுன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல. சாயங்காலம் அடுப்புக்கு முன்னாடி போய் சம்மணம் போட்டு உக்காந்தான்.

"ஆத்தா, நான் என்னதான் பண்ணணும்? நீயாவது சொல்லு."

"நான் என்னத்தைச் சொல்றது? பேச்சி இங்க உக்காந்து தினம் சொன்னதைத்தான் நானும் சொல்லணும். அவ என்ன சொன்னா? யோசிச்சுப் பாருங்க."

சடையாண்டி யோசிச்சான். மாட்டுக்குத் தண்ணி காட்டுறப்ப யோசிச்சான், கிணத்துல குளிக்கிறப்ப யோசிச்சான். அவ சொன்னது ஒவ்வொண்ணா வந்துச்சு. எல்லாம் காதுல விழுந்துதான் இருக்கு. உள்ள போகாம காது மடல்லயே தொங்கிக்கிட்டு இருந்திருக்கு.

அப்புறம் என்ன பண்ணான் தெரியுமா? அடுப்புச் சாம்பலை ஒரு கூடை அள்ளிக் கொட்டினான். "ஹப்பாடா, ரெண்டு வருஷ அஜீரணம்!"னு அடுப்பு ஏப்பம் விட்டுச்சு. தொடை தண்டி கட்டையைக் கட்டைவிரல் தண்டிக்குப் பிளந்தான். அடுப்புக்குள்ள பழைய பானை உடைஞ்ச ரெண்டு ஓட்டாஞ்சில்லைப் போட்டு, விறகு அது மேல படுக்குற மாதிரி வச்சான், அடியில காத்து போகணும்ல? கூரை மேல ஏறி ஒரே ஒரு ஓட்டை நகத்தி வச்சான். அரிசியை முன்னாடியே ஊறப் போட்டான். பானைக்கு மூடி தேடி எடுத்துக் கழுவினான்.

மூணாம் வெள்ளி. வாசல்ல பேச்சி. அங்கம்மாவுக்குத் தெரியாம குலசாமிக்கு ஒரு தேங்கா நேந்துக்கிட்டா.

மூணே மூணு குச்சி வச்சான். ஒரு தீக்குச்சி. சர்ர்... பக்!

சுர்ர்ர்னு எரியுது, தாமரைப் பூ கணக்கா. ஊதவும் வேண்டியதில்ல, விசிறவும் வேண்டியதில்ல. நுனி எரிய எரிய லேசா உள்ள தள்ளி விடுறான். பானைக்குள்ள தளபுள தளபுளன்னு சத்தம், மூடி கிணுகிணுன்னு ஆடுது. அடுப்பு பாட்டே பாட ஆரம்பிச்சிருச்சு, "ம்ம்ம்ம்"னு, வாயில அடைப்பு இல்லாத "ம்".

புகை? துளி இல்ல!

அங்கதான் வந்துச்சு வினை. தெருவுல ஒரே களேபரம். "சடையாண்டி வீட்டுக் கூரையில புகையே காணோம்! செத்துக்கித்துப் போயிட்டானா?" ஆளாளுக்கு ஓடி வந்தாங்க. ஒருத்தி கஞ்சிக் கலயத்தோட, ஒருத்தன் சங்கோட. ஜன்னல் வழியா மாயழகு தலையை நீட்டினான்.

"என்னப்பா சடையாண்டி, அரிசி தீந்துபோச்சா? எங்க வீட்டுல ஒரு உழக்கு வாங்கிக்கிறியா? பீடிப் புகை கூட வரலையேப்பா!"

ஊரே கொல்லுனு சிரிச்சுச்சு.

சடையாண்டிக்கு ரத்தம் கொதிச்சுச்சு. கையில அரிப்பு எடுக்குது. மூலையில ஒரே ஒரு பச்சைக் கிளை கிடக்கு. அதை மட்டும் உள்ள சொருகினாப் போதும், கோபுரம் வரைக்கும் போகும் புகை, மாயழகு மூஞ்சி சின்னதாப் போகும். கை அது பாட்டுக்குப் போய் கிளையை எடுத்துருச்சு. அடுப்பு பாட்டை நிறுத்திருச்சு. "மாப்ளே..."ன்னுச்சு, மெதுவா.

சடையாண்டி வாசலைப் பாத்தான். பேச்சி கண்ணைப் பாத்தான். மிளகாப்பழமா இருந்த கண்ணு, ஆத்தா வீட்டுல இருந்து இருந்து, வெள்ளை வெளேர்னு ஆயிருச்சு. இவ்வளவு அழகான கண்ணான்னு இப்பதான் தெரியுது அவனுக்கு.

கிளையை ஜன்னல் வழியா வீசினான் பாரு, விர்ர்ர்! மாயழகு தலையைக் காணோம்.

"போடா! எங்க வீட்டுச் சோறு பானைக்குள்ள இருக்குடா, வானத்துல இல்ல!"

அப்புறம் மூடியைத் தெறந்தான், ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பாத்தான். பதம். வடிச்சான். எரியாத குச்சி மிச்சத்தை வெளிய இழுத்து அணைச்சான், நாளைக்கு ஆகும்ல? கங்கு மேல கத்திரிக்காயைச் சுட வச்சான்.

அங்கம்மா உள்ள வந்தா. அவன் கண்ணு இமையை ரெண்டு விரலால கீழ இழுத்துப் பாத்தா, மாட்டுக்குப் பாக்குற மாதிரி. காஞ்சு கிடக்கு. பானை அடியை ஒரு விரலால வழிச்சா. விரல்ல கரி பேருக்குத்தான் ஒட்டுச்சு. "உள்ள வாடி"ன்னா.

பேச்சி வந்து உக்காந்தா. ஒரு வாய் சோறு, ஒரு துண்டு கத்திரிக்கா. மென்னா, முழுங்கினா. இன்னொரு வாய் எடுத்தா. அப்புறம் தட்டை அவன் பக்கம் கொஞ்சம் நகத்தி வச்சு, "நீ எப்பய்யா கடைசியா ஒழுங்கா சாப்பிட்ட? உக்காரு"ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. சடையாண்டிக்கு அந்த வயித்துக்குள்ள இருந்த என்னமோ மேல வந்துருச்சு. நெஞ்சு, தொண்டை, கண்ணு. பொட்டுனு ஒரு சொட்டு தட்டுல விழுந்துருச்சு. அப்புறம் பொலபொலன்னு.

"என்ன மாப்ளே இது?"ன்னா அங்கம்மா.

"பு... புகை அத்தே."

"எங்க புகை?"

சுத்திச் சுத்திப் பாக்குறான். அடுப்புக்குள்ள பாக்குறான், கூரையைப் பாக்குறான். பேருக்குக் கூட ஒரு இழை இல்ல. வாழ்நாள் பூரா ஊருக்கே காட்டினவனுக்கு, அவசரத்துக்கு ஒரு முழம் புகை கிடைக்கல!

அப்போ அடுப்பு, சத்தியமா சொல்றேன், மாமியார் மண்ணா இருந்தாலும் மனசு இளகி, தொண்டையைச் செருமிக்கிட்டு, "புஸ்"னு ஒரே ஒரு வளையம் விட்டுச்சு. மோதிரம் மாதிரி. அது ஆடி ஆடிப் போய் சடையாண்டி மூக்குல உக்காந்துச்சு.

பேச்சி அடுப்பைப் பாத்தா, அவனைப் பாத்தா, அரை மீசையைப் பாத்தா.

"ஆமா ஆத்தா, புகைதான்"ன்னு சொல்லிட்டு, முந்தானையால அவன் கண்ணைத் தொடச்சு விட்டா.

அவ்வளவுதான். அடுப்பு அணைஞ்சுது, கதை வெந்துது, கண்ணை மூடு.

ஆனா ஒண்ணு. யாரு கேட்டாலும் நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத. கோம்பைக்காட்டுப் பொம்பளைங்க எல்லாம் அதுக்கப்புறம் வெள்ளிக்கு வெள்ளி புருஷனை அடுப்பு முன்னாடி உக்கார வச்சு, கண்ணையே பாத்துக்கிட்டு இருக்காளுக. இந்தக் கதையை வெளிய விட்டவன் யாருன்னு அந்த ஊரு ஆம்பளைங்க அத்தனை பேரும் அரை மீசையோட தேடிக்கிட்டு இருக்காங்க. உங்க அம்மா காதுல விழுந்துச்சுன்னா அந்தக் கூட்டத்துல உங்க அப்பனும் சேந்துக்குவான். கேட்டா, காக்கா சொல்லுச்சுன்னு சொல்லிடு.

ம்... ம் எங்க?

தூங்கிட்டா.