ஐம்பத்துநாலு மார்க் பையன்

இந்தக் கதையைப் பதினெட்டு வருஷமாக நான் நம்பவில்லை. நம்பாமல் தள்ளிவிடவும் முடியவில்லை.

சொன்னவர் இருதயராஜ் சார். நான் படித்த கல்லூரியில் கால்பந்து அணிக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். ஒரு கல்யாண வீட்டில், சாப்பிட்டுக் கை கழுவிய இடத்தில் நிறுத்திவைத்துச் சொன்னார். கதையில் நானும் வருகிறேன். கொம்பையா, தொண்ணூற்றிரண்டு மார்க்.

சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. கதை உண்மையென்றால், என்னோடு அணியில் ஆடிய சந்தியாகுவை ஆளாக்கிய பெருமை சொன்னவருக்குப் போகிறது. கேட்ட எனக்கோ, கோளாறு என் காலில் இல்லை என்ற ஆறுதல் கிடைக்கிறது. இரண்டு பேருக்கும் இவ்வளவு வசதியாக ஒரு கதை அமையுமா? இப்போது நானும் ஜூன் மாதம் தேர்வு மேஜையில் உட்கார்ந்து பையன்களுக்கு மார்க் போடுகிறேன். எனக்கு இது தெரிந்தாக வேண்டும்.

அவர் சொன்னது இது.

கோயில்பிள்ளை சார் கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளர். இருதயராஜ் அவரிடம் விளையாடக் கற்று, அவரிடமே துணையாகச் சேர்ந்தவர். பத்து வருஷம் கூடவே இருந்தும், தன் ஆட்டத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை கேட்டதில்லை.

ஜூனில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குத் தேர்வு நடக்கும். மூன்று நாள். நூற்றைம்பது பையன்கள் வருவார்கள், பதினெட்டுப் பேருக்கு இடம். மார்க் போடுவது இருதயராஜ். கோயில்பிள்ளை சார் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. எவன் மார்க் போட்டானோ அவனே அந்தப் பையனுக்கு ஒரு நோட்டுப் போட்டு மூன்று வருஷமும் எழுதி வர வேண்டும். முதல் பக்கத்தில் தேர்வு மார்க். பையன் படிப்பு முடிந்து போகும்போது அந்த மார்க் சரிதானா என்று பார்ப்பார்.

நான் தேர்வுக்கு வந்த வருஷம் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. மாவட்டப் பள்ளி அணிக்குக் கேப்டன். பத்திரிகையில் படம் வந்தவன்.

கடைசி நாள் மத்தியானம் கடற்கரை ஊரிலிருந்து ஒருவன் தாமதமாக வந்தான். பூட்ஸ் இல்லை. பெயர் சந்தியாகு. உயரத்திலிருந்து வந்த பந்தை இடது காலில் வாங்கி, அது தரையைத் தொடும் முன்பே உடம்பைத் திருப்பி, மறிக்க வந்த ஃபுல்பேக்கைத் தாண்டிப் போனான். ஒரே ஒரு தடவைதான். மற்ற நேரமெல்லாம் பந்தைப் பறிகொடுத்தான். இரண்டு நல்ல வாய்ப்புகளை வெளியே அடித்தான்.

அந்தத் திருப்பத்தை இருதயராஜ் பத்து வருஷம் முயன்று பார்த்தவர். வரவில்லை.

கையிலிருந்த மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஐம்பத்துநாலு என்று எழுதினார்.

சாயங்காலம் பட்டியலைக் கோயில்பிள்ளை சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"அந்த பூட்ஸ் இல்லாத பயலுக்கு எவ்வளவுடே போட்ட?"

"அம்பத்துநாலு, சார்."

"அவனைப் பதினெட்டாவதா எழுது."

"அறுவத்தெட்டு வாங்கினவன் வெளிய நிக்கான், சார்."

"நிக்கட்டும். இவன் வரட்டும்."

"அவன்ட்ட என்ன பார்த்தீங்க?"

"நோட்டுப் போடு. பொறவு சொல்லுதேன்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இருதயராஜுக்கு வயிறு எரிந்தது. பத்து வருஷம் காத்துக் கிடந்தும் தனக்குக் கிடைக்காததை இந்தப் பயல் ஒரு மத்தியானத்தில் வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஐம்பத்துநாலு சரி என்று நிரூபிப்பது என்று முடிவு செய்தார்.

பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து சந்தியாகுவின் மேலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.

"ஏல, எடக்கால்ல திரும்பும்போது வலது தோள் முன்னால வருது. எங்க போகப்போறன்னு ஊருக்கே தந்தி அடிக்க."

"சரி, சார்."

"சரி இல்லல. தப்பு."

நாங்கள் சிரித்தோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன்.

ஒரு வாரம் கழித்து அவன் வந்து நின்றான். "சார், தோள் இப்ப வருதா?"

வரவில்லை. இருதயராஜுக்கு எரிச்சலாக இருந்தது. வேறு குறை தேட வேண்டியதாயிற்று. பந்து பறிபோனால் இடுப்பில் கைவைத்து இரண்டு நொடி நிற்கிறான் என்று கண்டுபிடித்தார். ஒரு மாதத்தில் அதுவும் போயிற்று. பாஸ் வாங்கும் முன் பின்னால் பார்ப்பதில்லை. அது போக மூன்று மாதமானது. இரண்டாம் வருஷத்தில் வெறும் கண்ணுக்குத் தெரிகிற குறை ஒன்றும் மிஞ்சவில்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்று பார்த்தார். விடுதியின் மொட்டைமாடியில் ஏறி நின்று பார்த்தார். பந்து தன்னிடம் இல்லாதபோது அவன் எப்படி நடக்கிறான் என்பதைக்கூட எழுதினார்.

என் பக்கம் வந்தால் தோளில் தட்டுவார்.

"கொம்பையா, ஒனக்கு என்னடே சொல்ல? நீ ஆடு."

எனக்கு அப்போது அது பெருமையாக இருந்தது.

மூன்றாம் வருஷம் பல்கலைக்கழக அணிக்கு எங்கள் கல்லூரியிலிருந்து ஒருவனை எடுத்தார்கள். சந்தியாகுவை; என்னை அல்ல. அந்த மாதம் கல்லூரி அணியிலேயே நான் பெஞ்சில்தான் இருந்தேன். அங்கிருந்து ஒன்றைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவை பந்தைத் தொட்ட பிறகும் சந்தியாகு, கோட்டுக்கு வெளியே நின்ற இருதயராஜ் சாரைத் திரும்பிப் பார்த்தான். அவரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஆட்டத்தின் மேல் எனக்கு இருந்த பொறாமை பெரிதில்லை. அந்தப் பார்வையின் மேல் இருந்ததுதான் இன்னும் இருக்கிறது.

இது நான் கண்ணால் கண்டது. மிச்சம் மறுபடியும் அவர் சொன்னது.

பையன்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று கோயில்பிள்ளை சார் நோட்டுகளைக் கேட்டார். சந்தியாகுவின் நோட்டுகளை இருதயராஜ் பூட்ஸ் கயிற்றால் கட்டி எடுத்து வந்தார். ஏழு இருந்தன. என்னுடையது ஒன்று. இரண்டையும் பெஞ்சின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"நான் தோத்துட்டேன், சார். அம்பத்துநாலும் தப்பு. தொண்ணூத்திரெண்டும் தப்பு."

"மார்க்கு தப்பில்லடே. அன்னைக்கு ரெண்டு பேரும் அவ்வளவுதான் ஆடினாங்க."

"அப்போ நீங்க என்ன பார்த்தீங்க? அந்த எடக்கால் திருப்பத்தையா?"

"நான் அதைப் பார்க்கலையே."

"பார்க்கலையா?"

"அவன் திரும்பும்போது நான் ஒன்னையப் பார்த்துட்டு இருந்தேன். மோர் குடிச்சிட்டு இருந்தவன் டம்ளரைக் கீழ வச்ச. மொகம் செத்துப்போச்சு. குனிஞ்சு அவசரமா மார்க்கு எழுதின. சரி, இவனை நீ மூணு வருஷம் சும்மா விடமாட்டன்னு தெரிஞ்சுது."

இருதயராஜ் ஏழு நோட்டுகளையும் ஓரமாகத் தள்ளினார். பிறகு என் நோட்டைக் கையில் எடுத்தார்.

"கொம்பையாவை நான் எவ்வளவு ஒசத்தியா நெனச்சிருந்தேன், சார். அவன் ஏன் இப்படிப் போனான்?"

கோயில்பிள்ளை சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"அவனை ஒனக்குப் பிடிச்சுப்போச்சு, இருதயம்," என்றார்.

கல்யாண வீட்டில் இருதயராஜ் சார் இத்தோடு நிறுத்தினார். கை கழுவிய குழாயை மறுபடியும் திறந்து கழுவினேன்.

கோயில்பிள்ளை சார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். சந்தியாகுவிடம் கேட்டிருக்கலாம். கேட்கப் பிடிக்கவில்லை. ஆமாம், அவர்தான் காரணம் என்று அவன் சொன்னால் என்னால் தாங்க முடியாது. இல்லை, நானாக வளர்ந்தேன் என்று சொன்னால் அதைவிடத் தாங்க முடியாது. தேர்வு மேஜையில் உட்காரும்போது, எந்தப் பையன் ஆடினால் எனக்கு எரிகிறது என்று தேடிப் பார்க்கிறேன். அப்படித் தேடினால் அந்த எரிச்சல் வருவதில்லை.

போன மாதம் இருதயராஜ் சாரின் வீட்டுக்குப் போனேன். எழுபதைத் தாண்டிவிட்டார். காபி வந்தது. வெகுநேரம் மழையைப் பற்றிப் பேசினோம். அப்புறம் நோட்டுகளைப் பற்றிக் கேட்டேன்.

"சந்தியாகு நோட்டை அவனே வந்து வாங்கிட்டுப் போயிட்டான். ரொம்ப வருஷமாச்சு. ஏழு நோட்டையும் மடியில வச்சு, பஸ்ல படிச்சிட்டே போனானாம்."

"என்னோடது?"

"கெடக்கு. யாரும் கேக்கலையே."

உள்ளே போய் எடுத்து வந்தார். நாற்பது பக்க நோட்டு. அட்டையில் என் பெயரை அழகாக எழுதியிருந்தார். முதல் பக்கத்தில் தொண்ணூற்றிரண்டு, அடியில் இரண்டு கோடு. அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனவரின் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

"சார், இதுல என் தப்பு ஒண்ணாவது எழுதியிருக்கீங்களா?"