குரங்குக் கூண்டில் வெயில்

மலைமேல் ஒரு சின்ன மடம். அதில் ஒரு தாயார், சிஷ்யைகள் இரண்டு பேர். வடிவு, செங்கமலம். வடிவுக்குத் தாயாரை விட வயசு கூடுதல். அதனால் தாயார் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அவர்கள் வந்த புதிதில் மடம் என்று பேர்தான், ஒழுகுகிற ஒரு தகரக் கொட்டகை. சிஷ்யைகள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பளி. இப்போது ஆளுக்கு ஒரு அறை, ஆளுக்கு இரண்டு கம்பளி, குளிக்க வெந்நீர்.

ஒரு மார்கழிக் காலையில் வடிவு துணிமூட்டையோடு வந்து தாயார் முன்னால் நின்றாள்.

"நான் ஊருக்குப் போறேன் தாயே. ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"என்னக்கா ஆச்சு?"

"நான் போட்ட கோலத்துல தண்ணிய ஊத்தி அழிச்சிட்டு அவ ஒண்ணு போட்டிருக்கா. கேட்டா, என்னோடது கோணலா இருந்துச்சாம். செங்கமலத்துக்குக் குளிர் விட்டுப் போச்சு தாயே."

"சரி, வாங்க. பஸ் ஏத்தி விடறேன்."

பஸ் ஸ்டாண்டை ஒட்டியே மிருகக்காட்சி சாலை. கீழே போகிற பஸ் வர நேரம் இருந்தது.

"சும்மா நிக்கறதுக்கு உள்ள ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்," என்றார் தாயார். வாசலில் வறுத்த கடலை வாங்கிக்கொண்டார்.

உள்ளே ஆளே இல்லை. புலிக் கூண்டில் சாக்குப் படுதா தொங்கியது. மான்கள் வைக்கோலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணும் தலைய நீட்டல. இதுக்கு ஒரு டிக்கெட்டு," என்றாள் வடிவு.

குரங்குக் கூண்டில் எல்லாம் ஒரு மூலையில் ஒரே குவியலாகக் கிடந்தன. எந்த வால் எந்தக் குரங்குடையது என்றே தெரியவில்லை. காது கிழிந்த ஒன்றை இன்னொன்று இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தது.

கூண்டுக்கு வெளியே பெருக்கிக்கொண்டிருந்தவர் சொன்னார். "அந்தக் காதக் கடிச்சது யாருங்கிறீங்க? இப்ப கட்டிப் பிடிச்சிருக்கே, அதேதாம்மா. நேத்து, ஒரு வாழப்பழத்துக்கு."

வடிவு மூட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"புரியுது தாயே. விட்டுக்கொடுத்துப் போன்னு சொல்லத்தான் கூட்டிட்டு வந்தீங்க."

"நான் ஒண்ணுமே சொல்லலையே. கடல சாப்பிடுங்க, சூடா இருக்கு."

"குரங்குக்கு மனசு ஆறிடும். எனக்கு ஆறாது."

தாயார் உள்ளங்கையில் கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார்.

வெயில் மலையைத் தாண்டி வந்தது. முதலில் கம்பியில் பட்டது, அப்புறம் குவியல்மேல். ஒரு குரங்கு எழுந்து சோம்பல் முறித்தது. பின்னாலேயே இன்னொன்று. காது கிழிந்த குரங்கு, தன்னைக் கட்டிக்கொண்டிருந்ததைத் திரும்பிப் பார்த்தது. பளாரென்று ஒரு அறை. இரண்டும் கத்திக்கொண்டு கம்பியில் ஏறின.

வடிவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"பாத்தீங்களா! மனசும் ஆறல, ஒண்ணும் ஆறல. இவ்வளவு நேரம் ஒண்ணு மடியில ஒண்ணு கிடந்துச்சுங்களே, அதுக்குள்ள என்ன வந்துச்சு இதுங்களுக்கு?"

வெளியே கீழே போகிற பஸ் ஹாரன் அடித்தது.

"ஒண்ணும் வரலக்கா," என்றார் தாயார். "குளிர் விட்டுப் போச்சு."

வடிவு சிரிப்பை நிறுத்தினாள். ஹாரன் இன்னொரு தடவை கேட்டது. அவள் மூட்டையைத் தூக்கவில்லை.