நட்சத்திரம் தெரியாத வேட்பாளர்

“‘அமெரிக்காவுல எலெக்‌ஷன் முடியட்டும் மதினி. ஆரு வாறாங்கன்னு பாத்துக்கிட்டு நாள் குறிப்போம்.’ இதான் தாயி, ஒரு எழுத்து கூட்டலை, குறைக்கலை. தாம்பூலத் தட்டைக் கையில வச்சுக்கிட்டு நிக்கேன், பொண்ணைப் பெத்த மனுசன் என் மூஞ்சிக்கு நேரா இப்படிச் சொல்லுதாரு!”

“மெதுவாத்தான் சொன்னாரு,” என்றார் கோமதிநாயகியின் புருஷன் சங்கரலிங்கம்.

“மெதுவாச் சொன்னா இனிக்குமாக்கும்? கல்யாணம் என்ன, வெள்ளை மாளிகையிலயா நடக்கப் போகுது?”

“கத்தாத கோமதி. மடத்துல இருக்கோம்.”

“மடத்துலதான் கத்தணும். வீட்டுல கத்துனா உங்க காதுல விழவா செய்யுது?”

நாச்சியம்மை தலையைத் தூக்கவில்லை. மடத்து முற்றத்தில் கைப்பம்பைப் பிரித்துப் போட்டு, தேய்ந்துபோன வாஷரைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

பொதிகை மலை அடிவாரத்தில், ஆற்றை ஒட்டிய சின்ன மடம் அது. நாச்சியம்மைதான் அங்கே குரு. கோமதியைவிட வயதில் ரொம்ப இளையவள். ஆனாலும் கோமதி அவளைத் தாயி என்பாள். அவள் கோமதியை அக்கா என்பாள். வெள்ளிக்கிழமை காலையில் வருகிறவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். ஒன்றே ஒன்றுதான்.

கோமதிக்கு அது எந்த வெள்ளிக்கிழமையும் போதியதில்லை.

அவள் மகன் ஆறுமுகநயினார் ஒஹாயோவில் வேலை பார்க்கிறான். முப்பத்தாறு வயசு. ஜாதகம் பொருந்தினால் போட்டோ பொருந்தவில்லை. போட்டோ பொருந்தினால் குடும்பம் பொருந்தவில்லை. கடைசியில் எல்லாம் பொருந்தி ஒரு பெண் அமைந்தாள். இனிப் பொருந்த வேண்டியது அமெரிக்க அதிபர் மட்டும்தான்.

தேர்தலில் நிற்கிறவர்கள் இரண்டு பேர். அவர்கள் பெயர் கோமதியின் வாயில் நுழையாது. ஒருவர் கண்ணாடிக்காரர், இன்னொருவர் நெட்டையர். கண்ணாடிக்காரர் வந்தால் விசா நீளுமாம். நெட்டையர் வந்தால் வெளிநாட்டுக்காரர்களையெல்லாம் மூட்டை கட்டச் சொல்லிவிடுவாராம்.

ஓட்டு இருக்கிறவர்கள் அங்கே நிம்மதியாகத் தூங்கினார்கள். ஓட்டில்லாத கோமதிக்கு இங்கே இமையோடு இமை ஒட்டவில்லை. எழுந்து டீவியைப் போடுவாள். நெட்டையர் சிரித்துக்கொண்டிருப்பார். அணைத்துவிட்டு வந்து படுப்பாள். இருட்டிலும் அவர் சிரிப்பார்.

“கண்ணாடிக்காரருக்குக் கோயில்ல அர்ச்சனை பண்ணிட்டேன் தாயி.”

“நட்சத்திரம்?” என்றாள் நாச்சியம்மை.

“குருக்களும் அதத்தான் கேட்டாரு. யாருக்குத் தெரியும்? நம்ம பையனோட கேட்டையையே சொல்லிட்டேன்.”

“கோத்திரம்?”

“சிவகோத்திரம்,” என்றார் சங்கரலிங்கம், தரையைப் பார்த்துக்கொண்டே.

நாச்சியம்மை புது வாஷரை எண்ணெயில் முக்கினாள்.

“சரி, கேள்வி என்ன?”

“அமெரிக்காவுக்கு ஆரு வரணும்? நீங்க வாயைத் திறந்து ஒருத்தரைச் சொல்லணும். நீங்க சொன்னாப் பலிக்கும்.”

“நீங்க யாரைச் சொல்லுதிய?”

“கண்ணாடிக்காரரைத்தான்.”

“ஏன்?”

“நல்ல மனுசன் தாயி.”

“எப்படித் தெரியும்?”

“முகத்தைப் பாத்தாலே தெரியுதே.”

“விசா தர மாட்டேன்னு நாளைக்கு அவரே சொல்லிட்டா?”

கோமதி யோசிக்கவே இல்லை.

“அப்பம் அவன் முகத்துல என்ன வாழுது?”

சங்கரலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி திரும்பிப் பார்த்த பார்வையில் அது இருமலாக மாறியது.

கோமதி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வாழையிலைத் துண்டில் மடித்து, நாரால் கட்டிய இரண்டு பொட்டலங்கள்.

“சொல்ல மாட்டியன்னு தெரியும். அதான் பூக்கட்டிக் கொண்டாந்திருக்கேன். ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல செவப்பு. வெள்ளை வந்தாக் கண்ணாடிக்காரரு. செவப்பு வந்தா அந்தக் கட்டையில போறவன். அம்பாளை நினைச்சு நீங்க ஒண்ணை எடுங்க.”

நாச்சியம்மை கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். நாரைப் பிரித்தாள்.

வெள்ளை நந்தியாவட்டை.

“பாத்தியளா!” கோமதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. “அம்பாளே சொல்லிட்டா! இனி அந்த மனுசன் நாள் குறிச்சுத்தான் ஆகணும்.”

நாச்சியம்மை மற்றப் பொட்டலத்தையும் எடுத்தாள்.

“அது எதுக்குத் தாயி? அதான் வந்துட்டுதே.”

அதையும் பிரித்தாள்.

வெள்ளை நந்தியாவட்டை.



“செவப்பு அரளி எங்கயும் கிடைக்கலை,” என்றாள் கோமதி.

மடத்து வேலி நெடுகச் செவ்வரளி பூத்துக் கிடந்தது. சங்கரலிங்கம் வேலியைப் பார்த்தார். நாச்சியம்மையும் பார்த்தாள். கோமதி மட்டும் பார்க்கவில்லை.

“அடப்பாவி, சாமியையே ஏமாத்தியிருக்கியே!” என்றார் அவர்.

“ஏமாத்தலை அண்ணாச்சி,” என்றாள் நாச்சியம்மை. “சாமிக்குச் சிரமம் கொடுக்காம விட்டிருக்காவ.”

“நீங்களும் கேலி பண்ணுங்க.” கோமதி இரண்டு பூவையும் மடியில் வாரிப் போட்டுக்கொண்டாள். “ஒத்தைப் பிள்ளை. பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னான்னா அவனுக்கு யாரு பொண்ணு கொடுப்பா? தெருவுல எல்லாரும் என்ன சொல்லுவா? பயமா இருக்கு தாயி. ஒருவேளை மாத்தி வந்துட்டான்னா? அதான் செவப்பே வைக்கலை.”

“நயினாருகிட்டக் கேட்டியளா?”

“என்னத்தை?”

“ஆரு வரணும்னு.”

“அவன்கிட்ட என்ன கேக்க? அவன் மனசு எனக்குத் தெரியாதா? பெத்தவளுக்கு.”

“கேளுங்க.”

“இப்பமா?”

“இப்பம் அங்க ராச்சாப்பாட்டு நேரந்தானே? ஸ்பீக்கர்ல போடுங்க. ஆரு வரணும், எதுக்குன்னு கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடணும். அவன் முடிக்கிற வரைக்கும் திறக்கக் கூடாது.”

“அவ்வளவுதானா?”

“உங்களுக்கு அது அவ்வளவுதானா?”

கோமதி போனைப் போட்டாள். மறுமுனையில் மணி அடித்தது. மகன் எடுத்தான்.

“என்னம்மா?”

“சாப்ட்டியா? என்ன சாப்ட்டே? நேத்து மாதிரி ரொட்டியத் தின்னுட்டுப் படுத்திராத. இரு, ஒண்ணு கேக்கணும். எலெக்‌ஷன்ல ஆரு வரணும்? எதுக்கு வரணும்? கண்ணாடிக்காரருதானே? அவரு வந்தாத்தானே உனக்கு…”

நாச்சியம்மை உதட்டில் விரலை வைத்தாள்.

கோமதி பாதி வாக்கியத்தில் நின்றாள். வாயை மூடுவது அவளுக்குப் பல் பிடுங்குவது மாதிரி இருந்தது.

“எதுக்கும்மா இதெல்லாம்?”

பதில் இல்லை.

“யாரு வந்தா என்னம்மா? ரெண்டும் ஒண்ணுதான்.”

பதில் இல்லை. அவன் தட்டை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது.

“அம்மா?”

கோமதி முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

“நிசமாக் கேக்கியா?” என்றான் அவன். “திட்ட மாட்டேல்லா?”

சங்கரலிங்கம் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தார். மகன் இப்படிக் கேட்டு அவர் கேட்டதில்லை.

“நெட்டையன் வரணும்மா.”

கோமதியின் தோள் குலுங்கியது. நாச்சியம்மையின் விரல் உதட்டிலேயே இருந்தது.

“அவன் வந்தாத்தான் எங்களை அனுப்புவான். நானா வேலையை விட்டுட்டு வந்தேன்னா தெருவே சிரிக்கும். நீ வெளிய தலைகாட்ட மாட்டே. அவனே அனுப்பிட்டான்னா யாரும் ஒண்ணும் கேக்க முடியாதுல்லா? நீயும் கவர்மெண்டைத் திட்டிக்கிட்டு இருந்திருவே. என்னைத் திட்ட மாட்டே.”

ஆற்றங்கரையில் யாரோ துணி துவைக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

“போன தீபாவளிக்கே சொல்ல வந்தேன். நீ பொண்ணு போட்டோவை நீட்டிட்டே. அப்புறம் ஒருக்கச் சொல்ல வந்தேன். கல்யாணப் பத்திரிகையில என்ன எழுதணும்னு கேட்டே, ‘அமெரிக்கா’ன்னு பெரிசாப் போடணும்னே. என்னால இங்க இருக்க முடியலைம்மா. ராத்திரியெல்லாம் டீவியைப் பாத்துக்கிட்டு, அவன் ஜெயிச்சிரணும் ஜெயிச்சிரணும்னு கிடக்கேன். கூட வேலை பாக்கிறவங்கல்லாம் அவன் வந்திருவானோன்னு அழுதுக்கிட்டிருக்காங்க. நான் மட்டும் இப்படி வேண்டிக்கிடுதேன். அது பாவந்தானேம்மா?”

நாச்சியம்மை விரலை எடுத்தாள். இனிப் பேசலாம் என்று கையைக் காட்டினாள்.

கோமதி வாயைத் திறந்தாள்.

சங்கரலிங்கம் காத்திருந்தார். நாற்பது வருஷத்தில் அந்த வாய் திறந்து சொல் வராமல் நின்றதை அவர் பார்த்ததில்லை.

நாச்சியம்மை கைப்பம்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அம்மா, கேக்குதா? லைன்ல இருக்கியா? திட்டவாவது செய்யேன்… அம்மா, ஏதாவது சொல்லும்மா.”