விக்கலுக்கு ஒரு போர்வை

மருதூர் ராஜா மகுடவர்மனுக்குக் கை ரொம்பத் தாராளம். காதுதான் கொஞ்சம் கஞ்சம்.

ஒருநாள் கடலோர நாடான நெய்தலூரிலிருந்து செந்தட்டி என்ற தூதர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"மகாராஜா, கடல் பொங்கி ஊருக்குள்ள வந்துடுச்சு. விதைநெல் எல்லாம் உப்புத்தண்ணியில ஊறிப் போச்சு. மழைக்கு முன்னாடி விதைக்கலேன்னா ஊரே பட்டினி. கொஞ்சம் விதைநெல் கொடுங்க!"

"கொடுத்தேன்!" என்றார் ராஜா. "யாரங்கே! நெய்தலூருக்கு வண்டி வண்டியாகக் கம்பளிப் போர்வை அனுப்புங்கள்!"

செந்தட்டிக்கு அப்போதே வேர்த்துவிட்டது. "எங்க ஊர் வெயிலுக்கு இடுப்புத் துண்டே பாரம், மகாராஜா!"

"என் மைத்துனர் கிடங்கில் அதுதானய்யா குவிந்து கிடக்கிறது! எல்லாவற்றிலும் என் முகம் போட்டிருக்கும். போர்த்திக்கொண்டு என்னை வாழ்த்திப் பாடுங்கள், போதும்."

அவையில் பூங்காவனம் என்று ஒரு மந்திரி இருந்தாள். சரியான வாயாடி.

"மகாராஜா, எதுக்காக இந்த உதவி?"

"தாத்தா கொடுத்தார், அவர்கள் எதிரியோடு சேரக்கூடாது என்று. அப்பா கொடுத்தார், நம் சரக்கை அவர்கள் வாங்கவேண்டும் என்று."

"நீங்க?"

ராஜா யோசித்தார். "கொடுத்துப் பழகிவிட்டோம், பூங்காவனம்!"

போர்வை வண்டிகளை வழியனுப்ப மறுநாள் பெரிய விருந்து. செந்தட்டியும் பந்தியில் இருந்தார். மிளகுக் குழம்பை ஒரு பிடி பிடித்த ராஜாவுக்கு விக்கல் வந்துவிட்டது.

"தண்... விக்... தண்ணி!"

செம்பைத் தூக்கிய பரிமாறுகிறவனைக் கையமர்த்திவிட்டு, பூங்காவனம் ஓடிவந்து ராஜாவின் மேல் ஒரு கம்பளியைப் போர்த்தினாள்.

"விக்... இது எதுக்கு?"

"நம்மகிட்ட இதுதானே மகாராஜா நிறைய இருக்கு!" என்று இன்னொன்றையும் போர்த்தினாள்.

"தண்ணி கேட்டேன்... விக்... அம்மா!"

"நல்ல கம்பளி, மகாராஜா. முகம்கூடப் போட்டிருக்கு. எங்கே, ஒரு வாழ்த்துப் பாட்டு பாடுங்க பார்ப்போம்!"

ராஜா பாட வாயைத் திறந்தார். விக்கல்தான் வந்தது. சபையில் ஆளாளுக்கு வாயைப் பொத்திக்கொண்டார்கள். வேர்வை வழிய உட்கார்ந்திருந்த ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. போர்வைக்குள்ளிருந்தே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பூங்காவனம் தண்ணீரை நீட்டினாள். ஒரே மூச்சில் குடித்தார்.

"பலே, பூங்காவனம்! உனக்குப் பரிசாக ஒரு யானை!"

பூங்காவனம் மூன்றாவது போர்வையை உதறினாள்.

"ஐயோ, வேண்டாம்! உனக்கு என்ன வேணும்னு நீயே சொல்லு, தாயே!"

"அந்தக் கேள்வியை அப்படியே செந்தட்டி ஐயா பக்கம் திருப்புங்க, மகாராஜா."

ராஜா திரும்பினார். "உங்களுக்கு என்ன வேணும், ஐயா?"

"விதைநெல், மகாராஜா," என்றார் செந்தட்டி, கம்பளிகளைப் பயத்தோடு பார்த்தபடி.

அன்று சாயங்காலமே நெல் வண்டிகள் புறப்பட்டன. மழைக்கு முன்னால் நெய்தலூர் விதைத்தும் முடித்தது.

அந்த யானை? அதை ராஜா மைத்துனருக்குக் கொடுத்துவிட்டார். அது அவர் வீட்டு வாசலில் நின்று தீனிக்குப் பிளிறியது. என்ன வேண்டும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.