மீசையைப் பார்த்து ஏமாந்த கெளுத்தி

ஒரு காட்டின் ஓரத்தில், குழந்தைகளே, பயணிகள் தங்கும் விடுதி ஒன்று இருந்தது. அதன் முன்கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி. அந்தத் தொட்டியில் வீரையன் என்ற கெளுத்தி மீன் மூன்று ஆண்டுகளாகத் தனியாக இருந்துவந்தது.

வீரையன் நாணல்மடு என்ற ஆற்று மடுவில் பிறந்தது. முதல் மழைக்கு ஆறு சிவந்து வரும்போது, கூட்டாளிகளோடு கரையோரப் புல்லுக்குள் புகுந்து விளையாடியதை அது இன்னும் மறக்கவில்லை. தொட்டியில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் தண்ணீர் ஒருநாளும் சிவக்காது. ஒருநாளும் ஏறாது, இறங்காது.

ஜன்னல் வழியாக வந்து தொட்டி விளிம்பில் உட்காரும் மரத்தவளை ஒன்றுதான் அதற்குப் பேச்சுத் துணை. தவளை நிதானமானது, எதையும் இரண்டு முறை பார்க்காமல் சொல்லாது. வீரையனோ பார்த்தவுடனே முடிவு கட்டிவிடும்.

"ஆற்றைத் தெரிந்த ஒருவர் வந்தால் போதும். என் பானையில் பாதி இடம் கொடுப்பேன்" என்று வீரையன் அடிக்கடி சொல்லும். தொட்டியின் மூலையில் சாய்ந்து கிடந்த மண்பானைதான் அதன் வீடு.

ஒருநாள் காலையில் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் செவந்தி, தண்ணீர் நிரம்பிய ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். பைக்குள் ஒரு புதுக் கெளுத்தி இருந்தது. அவள் பையைத் தொட்டியில் மிதக்க விட்டு, அதன் வாயைத் திறந்து விளிம்பில் மாட்டினாள்.

"உடனே விட்டா நீ தாங்கமாட்டே. இந்தத் தண்ணி உனக்கு மெல்லப் பழகட்டும்" என்று சொல்லி, பைக்குள் ஒரு கரண்டி தொட்டித் தண்ணீரை ஊற்றினாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போனாள். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வந்து, இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனாள்.

வீரையன் பையின் அருகே வந்து பார்த்தது. உள்ளே நீளமான மீசைகள் அசைந்தன. அது சட்டென்று பின்வாங்கியது.

"மீசை இருக்கிறது. ஆண்தான். என் பானையைப் பிடுங்க வந்திருக்கிறான்."

"கெளுத்தி என்றால் எல்லாவற்றுக்கும் மீசை உண்டே. பொறு, நான் மேலே போய்ப் பார்த்துச் சொல்கிறேன்" என்றது தவளை.

"மீசையைப் பார்த்த பிறகு வேறு என்ன பார்க்க வேண்டும்?"

அப்போது பைக்குள்ளிருந்து குரல் வந்தது. "அங்கே யார்? நான் நாணல்மடுவிலிருந்து வருகிறேன். புதுத்தண்ணீர் வந்துவிட்டது. மருதமரத்து வேர்கூட முழுகிவிட்டது."

வீரையனின் துடுப்புகள் அப்படியே நின்றன. குஞ்சாக இருந்தபோது அந்த வேருக்கு அடியில் இருந்த பொந்தில்தான் அது தூங்கியது. 'அந்தப் பொந்து இன்னும் இருக்கிறதா?' என்று கேட்க வாயெடுத்தது. மறுபடியும் மீசை அசைந்தது.

"ஊர்ப் பேச்சுப் பேசி மயக்கப் பார்க்கிறான்" என்று சொல்லிக்கொண்டு, வீரையன் தன் முள்ளை விரித்துப் பையில் பாய்ந்தது.

பை கிழிந்தது. தொட்டித் தண்ணீர் ஒரேயடியாக உள்ளே புகுந்தது. புதுக் கெளுத்தி வெளியே வந்து இரண்டு முறை துடித்தது. பிறகு ஒருக்களித்தபடி மணலில் போய் விழுந்தது. செவுள் மட்டும் லேசாக அசைந்தது.

தவளை மேலேயிருந்து உற்றுப் பார்த்தது. மறுபடியும் பார்த்தது.

"வீரையா, அதன் வயிறு இரண்டு பக்கமும் அகன்றிருக்கிறது. உன்னைப்போல் ஒல்லியாக இல்லை. அது பெண். வயிறு நிறைய முட்டை."

வீரையன் அவள் பக்கத்தில் போய் நின்று, அவளுடைய செவுள்மேல் தண்ணீர் ஓடும்படி துடுப்பால் விசிறத் தொடங்கியது.

செவந்தி வந்து பார்த்தாள். "முள்ளால குத்திட்டியா, படுபாவி" என்றபடி கிழிந்த பையை எடுத்தாள். வெளிச்சம் படாமல் தொட்டியைத் துணியால் மூடினாள். காற்றுக் குமிழிகளைக் கூட்டிவைத்தாள். மதியம் தீனி விழுந்தது. வீரையன் விசிறுவதை நிறுத்தவில்லை.

சாயங்காலம் புதுக் கெளுத்தியின் மீசை ஒன்று அசைந்தது. மெதுவாக நிமிர்ந்தாள்.

"பையைக் கிழித்தது யார்?"

"நான்தான்."

"ஏன்?"

"உன்னை ஆண் என்று நினைத்தேன். என் இடம் போய்விடும் என்று பயந்தேன்."

"உடம்பெல்லாம் எரிகிறது. என் பக்கத்தில் வராதே" என்று சொல்லிவிட்டு, தொட்டியின் மறுகோடியில் ஒரு கல்லுக்குப் பின்னால் போய்விட்டாள்.

வீரையன் அந்தப் பக்கம் போகவில்லை. ஒருநாள் போனது, இரண்டு நாள் போனது. ஆற்றைப் பற்றிக் கேட்க ஆயிரம் இருந்தும், அது கேட்கவில்லை.

எட்டாம் நாள் அவளே கல்லைவிட்டு வெளியே வந்தாள்.

"இங்கே தீனி எந்தப் பக்கம் விழும்?"

"இடது மூலையில். வா, காட்டுகிறேன்."

வீரையன் முன்னால் போக, அவள் சற்றுத் தள்ளிப் பின்னால் வந்தாள். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, அவளாகவே ஆற்றுச் சேதி சொல்லத் தொடங்கினாள். யார் வலையில் போனார்கள், யார் குஞ்சு பொரித்தார்கள், யார் வெள்ளத்தோடு கீழே போனார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். வீரையன் தன் கூட்டாளிகளின் பெயர்களைக் கேட்டுக்கேட்டு, அசையாமல் நின்றது.

நீதி: வந்தவர் யாரென்று அறியும் முன்பே பகைத்துக்கொண்டால், நாம் ஏங்கிக் காத்திருந்த துணையையே இழக்க நேரும்.