எழுத மாட்டேன் என்று சொன்ன எப்சிபா

இந்தக் கதையின் முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது. அதுவரை யார் பக்கமும் சாயாமல் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

ஓர் அரசு மனநல மருத்துவமனையின் பெண்கள் வார்டில் எப்சிபா பதினெட்டு ஆண்டுகளாகச் செவிலியாக இருந்தாள். தினமும் காலையில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு தாளை நிரப்புவது அவள் வேலை. இன்றைக்கு இந்த நோயாளி யாரையாவது தாக்கக்கூடுமா என்று முன்கூட்டியே கணிக்கும் தாள் அது. எரிச்சலாக இருக்கிறாளா, கத்தினாளா, மிரட்டினாளா என்று ஏழு கேள்விகள். ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் சைபர். கூட்டுத்தொகை இரண்டைத் தொட்டால் அன்று அவள் வார்டை விட்டு வெளியே போக முடியாது. கேள்விகளுக்குக் கீழே, வேறு ஏதாவது இருந்தால் எழுத நாலு வரி இடம் விட்டிருந்தார்கள்.

அந்த வார்டில் செங்கமலம் என்று ஒருத்தி. பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தவள். அவள் காதில் ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலின் பேச்சைக் கேட்டுத்தான் தம்பி மனைவி பவுனுவை இரும்புக் கரண்டியால் அடித்துக் கையை முறித்தாள். அதற்குப் பிறகுதான் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். மருந்துக்குக் குரல் அடங்கியது. ஒன்பது மாதமாக அவளுடைய தாளில் சைபர்தான். ஞாயிறு தவறாமல் அவளுடைய அப்பா இரண்டு பஸ் மாறி வருவார். அதிகம் பேசமாட்டார். ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாக மகள் கையில் கொடுத்துவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அப்பா இறந்துவிட்டார் என்று தம்பி துளசிராமன் வந்து நின்றான். மாலையில் எடுக்கிறார்கள், அக்கா முகம் பார்த்ததும் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்றான். அவளைக் கூட்டிவரச் சொல்லிக் கார் பிடித்து அனுப்பியதே பவுனுதான் என்றும் சொன்னான்.

எப்சிபா தாளை எடுத்துக்கொண்டு செங்கமலத்திடம் போனாள். அவள் அழவில்லை. தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள். ஏழு கேள்விக்கும் சைபர் போட்டாயிற்று. எழுந்திருக்கும்போது செங்கமலம் எப்சிபாவின் கையைப் பிடித்தாள். ஒன்று சொல்ல வேண்டும், ஆனால் எழுதக் கூடாது என்றாள்.

"சரி, எழுதல. சொல்லும்மா."

"குரல் மறுபடி வந்துருச்சுங்க சிஸ்டர். அப்பாவுக்குப் பவுனுதான் என்னமோ கொடுத்துட்டாள்னு சொல்லுது. பொய்யின்னு எனக்குத் தெரியுது. ஆனா அவளைப் பார்த்தா என் கை என்ன பண்ணுமோன்னு பயமா இருக்கு. அப்பா முகத்தை மட்டும் பார்த்துட்டு வந்துடறேனுங்க."

எப்சிபா நடைபாதைக்கு வந்தாள். ஒரு பக்கம் கொடுத்த வாக்கு. இன்னொரு பக்கம், எதுவும் தெரியாமல் கார் பிடித்து அனுப்பிய ஒருத்தி. கடைசியில் அந்த நாலு வரியிலும் எழுதினாள்.

வார்டு மருத்துவர் நசீர் அதைப் படித்துவிட்டு, செங்கமலம் வெளியே போய்வர விடுப்புத் தர மறுத்தார். நானே கூடப் போய்வருகிறேன் என்று எப்சிபா கேட்டுப் பார்த்தாள். அறுபது பேருக்கு இரண்டு செவிலியர். உன்னை எப்படி அனுப்புவேன் என்றார். போன வருடம் இப்படி வெளியே அழைத்துப்போன ஒரு நோயாளி தாக்கியதில் ஊழியர் ஒருவருக்கு ஒரு கண் போயிருந்தது. அன்று விடுப்புக்குக் கையெழுத்துப் போட்டவர் இதே நசீர். துளசிராமன் எவ்வளவோ கெஞ்சினான். அக்கா அப்படி என்னதான் செய்துவிட்டாள் என்று கேட்டான். நோயாளி சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்று மருத்துவர் பேசாமல் இருந்துவிட்டார். செங்கமலத்தை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கார் காலியாகத் திரும்பிப் போனது.

அவள் சாயங்காலம் வரை பொட்டை அழிக்காமல் உட்கார்ந்திருந்தாள். எப்சிபாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் காலையில், குரல் கேட்கிறதா என்று எப்சிபா கேட்டபோது, ஒன்றுமில்லை சிஸ்டர் என்றாள். அதற்கு மறுநாளும் அதே பதில். இப்படியே ஐம்பத்திரண்டு நாள், தாளில் சைபராகவே விழுந்துகொண்டிருந்தது.

ஐம்பத்து மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்த செங்கமலம் கையிலிருந்த எவர்சில்வர் தட்டால் எப்சிபாவின் முகத்தில் அடித்தாள். புருவத்தில் ஒன்பது தையல். ஏதாவது அறிகுறி தெரிந்ததா என்று விசாரணையில் கேட்டார்கள். அப்பா இறந்த நாளுக்குப் பிந்தைய தாள்களைப் புரட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

தையல் பிரித்த அன்று எப்சிபா அவளிடம் போய் உட்கார்ந்தாள். குரல் எப்போதிலிருந்து கேட்கிறது என்று விசாரித்தாள். அப்பா போன நாளிலிருந்து அது நிற்கவே இல்லை என்றாள் செங்கமலம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

செங்கமலம் அவளுடைய புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் கட்டி நின்றது.

"சொன்னா எழுதிடுவீங்களே, சிஸ்டர்."

இப்போது கேள்வி. கொடுத்த வாக்கை மீறி எழுதினாள் எப்சிபா. எழுதியதைப் படித்துவிட்டு அனுப்ப மறுத்தார் நசீர். ஒருமுறை உண்மையைச் சொல்லிவிட்டுப் பிறகு வாயை மூடிக்கொண்டாள் செங்கமலம். இந்த மூவரில் தவறு யாருடையது?

விடை: எழுதியது தவறில்லை, பவுனுவின் உயிரும் உயிர்தான். நசீர் பயந்ததும் தவறில்லை. ஆனால் செங்கமலம் சொன்னது ஒரே ஒருத்தியைப் பற்றி. நீ போய்வரும் அந்த ஒரு மணி நேரம் பவுனு பக்கத்து வீட்டில் இருந்தால் போதுமே, இதை உன் தம்பியிடம் சொல்லட்டுமா என்று செங்கமலத்தையே கேட்டிருக்கலாம். அப்பா முகத்தைப் பார்க்க அவள் எதற்கும் தலையாட்டியிருப்பாள். ஆபத்து எவ்வளவு என்று கணித்தார்கள். யாருக்கு, எதனால் என்று கேட்டு அதைக் குறைக்க வழி தேடவில்லை. அந்தத் தவறு நசீருக்கும் எப்சிபாவுக்கும் பாதிப் பாதி. தன் கையைக் கண்டு தானே பயந்து உதவி கேட்டவளுக்கு அதில் பங்கில்லை. எப்சிபா இதே விடைக்குத்தான் வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைச் செங்கமலத்திடம் சொல்லி மன்னிப்பும் கேட்டாள். பரவாயில்லை சிஸ்டர் என்றாள் செங்கமலம். மறுநாள் காலை தாளோடு போனபோது, ஒன்றுமில்லை என்றாள்.