செவத்தி வாய் திறந்த நாள்

கிட்ட வந்து உட்காருங்கள். பின்னால் இருக்கிறவர்களும் முன்னால் வாருங்கள். இது சத்தமில்லாத ஒரு கோழியின் கதை.

ஒரு பெரிய ஏரி. அதன் நடுவில் ஒரு மேடு, மேட்டில் கருவேல மரங்கள். கரையோரக் கோரைக்குள் செவத்தி என்ற தாழைக்கோழி இருந்தாள். நெற்றியில் சிவப்பு, அதனால் அந்தப் பெயர். வருஷா வருஷம் அவள் அம்மா முட்டை இடுவாள். வருஷா வருஷம் பாம்பு வந்து விழுங்கிவிட்டுப் போகும்.

பனிக்காலத்தில் மலைக்கு அப்பாலிருந்து வாத்துக் கூட்டம் வரும். இடம் தெரியாத வாத்துகளுக்கு வழிகாட்ட, ஏரிப் பறவை ஒன்றை வேலைக்கு வைப்பார்கள். வேலை கிடைத்தவர் குடும்பத்துக்கு நடு மேட்டில் கூடு! சுற்றிலும் வாத்துகள் காவல். பாம்பு தலை காட்டாது. ஆனால் வாத்துப் பாஷை பேச வேண்டும்.

அதற்காகவே ஆலமரத்தில் ஒரு கலாசாலை. கிளியார் மூன்று வருஷம் நன்றாகத்தான் பாடம் நடத்துவார். ஆனால் அங்கே ஒரு கெட்ட வழக்கம். யாராவது ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னால் போதும், வகுப்பே இறக்கையை அடித்துக்கொண்டு சிரிக்கும். முதல் நாள் செவத்தி எழுந்து வணக்கம் சொன்னபோது நாக்கு குழறியது. அன்றைக்குச் சிரித்தார்களே ஒரு சிரிப்பு! அப்புறம் அவள் வாயே திறக்கவில்லை. யாராவது தப்பாகச் சொன்னால் அவள் கால் கிளையைப் பிறாண்டும். அவ்வளவுதான்.

கூடப் படித்தவன் துடுக்கன், இரட்டைவால் கரிச்சான்.

"ஏ செவத்தி, நாளைக்கு ஆள் எடுக்க வர்றாங்க. பேசிடுவியா?"

"எல்லாம் தெரியும். வாய்தான் வராது."

"தெரிஞ்சதை வச்சு என்ன பண்ணப்போற? ஊறுகாய் போடவா?"

"உனக்கென்ன! வெட்கமா, மானமா?"

"அதெல்லாம் பார்த்தா பூச்சி பிடிக்க முடியுமா, புள்ள?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. முந்தின நாள்தான் அம்மா மறுபடி முட்டை இட்டிருந்தாள்.

மறுநாள் வாத்துத் தலைவி தன் கூட்டத்தோடு ஆலமரத்துக்கு வந்தாள். முதலில் நின்றவன் கொக்கு வெள்ளையப்பன்.

"என் பெயர் வெள்ளையப்பன். என் பலம் உழைப்பு. என் பலவீனம், ரொம்ப உழைப்பது!" என்று கடகடவென ஒப்பித்தான்.

"நல்லது தம்பி. நாங்க களைச்சு வந்திருக்கோம். எந்தக் கரையில இறங்கலாம்?"

கொக்கு திருதிருவென்று விழித்தான். "என் பெயர் வெள்ளையப்பன்..."

அடுத்து வந்த நாரைக்கும் பலவீனம் ரொம்ப உழைப்பதுதான்!

செவத்தியின் முறை வந்தது.

"நீ சொல்லும்மா. எந்தக் கரை?"

மேற்குக் கரை. அவளுக்குத் தெரியும். கிழக்கே வேடன் வலை கட்டியிருந்தான். விடியற்காலையில்தான் அவள் சித்தி மகள் அதில் மாட்டி, கால் ரத்தமாகத் தப்பி வந்தாள். சொல் அலகு வரை வந்துவிட்டது. அதற்குள் பின்னால் யாரோ களுக்கென்றார்கள். அலகு பூட்டிக்கொண்டது. அம்மாவின் முட்டைகள் கண்ணுக்குள் வந்து போயின.

தலைவி பெருமூச்சு விட்டாள். துடுக்கன் முன்னால் குதித்தான்.

"கிழக்குக் கரைதான் தாயே! புல் அப்படி ஒரு ருசி! வலையா? மருந்துக்குக்கூட இல்லை. இப்பவே இறங்குங்க!"

வாத்துகள் இறக்கையை விரித்தன. செவத்தியின் கால் கிளையைப் பிறாண்டியது.

"வேண்டாம்!" என்று அலறினாள், வாத்துப் பாஷையில்தான். "கிழக்கு, வலை! சித்தி மக கால், ரத்தம்! மேற்கு போ! நீங்க மேற்கு போ!"

சொற்கள் முன்னும் பின்னுமாக வந்து விழுந்தன. வகுப்பு வழக்கம்போலச் சிரித்தது.

"என்ன சிரிப்பு?" தலைவி கழுத்தை நீட்டினாள். "எனக்குப் புரிஞ்சுது. என் கூட்டம் தப்பிச்சுது. இதுல சிரிக்க என்ன இருக்கு?"

எல்லா அலகும் மூடிக்கொண்டன.

"வலை எவ்வளவு உயரம்மா?"

சொன்னாள். சொல் கிடைக்காத இடத்தில் இறக்கையால் காட்டினாள். தலைவி வேகமாக ஏதோ கேட்டபோது, "புரியலை, இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள். தலைவிக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

"இப்படிக் கேட்கிற ஆள்தான் எங்களுக்கு வேணும். இன்னைக்கே உங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு மேட்டுக்கு வா. முட்டைகளை எங்க ஆளுங்க பத்திரமாக் கொண்டு வருவாங்க."

செவத்தி நேரே துடுக்கனிடம் பாய்ந்தாள். "அடப்பாவி! நான் பேசாம இருந்திருந்தா?"

"அடுத்த மூச்சுல நானே உண்மையைச் சொல்லியிருப்பேன். தப்பைக் கேட்டா உன் கால் சும்மா இருக்காதே! மூணு வருஷமாப் பார்க்கிறேன். காலோட சேர்ந்து வாயும் ஒருநாள் திறக்கும்னு நினைச்சேன்."

"உனக்கு அந்த வேலை வேண்டாமா?"

"எனக்கெதுக்கு மேடு? ஒரு மாட்டு முதுகு போதும்!"

சில நாள் கழித்துத் துடுக்கன் கலாசாலைப் பக்கம் பறந்தான். அங்கே இந்த வருஷம் சேர்ந்த ஒரு சின்ன உள்ளான் குருவி வாயடைத்து நின்றது. வகுப்பு சிரிக்கத் தயாரானது. துடுக்கன் விருட்டென்று நடுக்கிளையில் இறங்கி, வாத்துப் பாஷையில் உரக்கச் சொன்னான்: "மீன் மரத்துல காய்க்கும்!"

"இல்லை, தண்ணியில இருக்கும்!" என்று அதே பாஷையில் கத்தியது உள்ளான்.

துடுக்கன் வாலை ஆட்டிவிட்டு, அடுத்த தப்பை யோசிக்க ஆரம்பித்தான்.

பிழை வருமோ என்று பூட்டி வைத்த பாஷை யாருக்கும் உதவாது. தட்டுத் தடுமாறியாவது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறவருக்கே அது வசப்படும்.